சாலைக்கும் டிராக்குக்கும் ஒரே செட் டயர்: எதைத் தேர்ந்தெடுப்பது?

வளைவுநேசன்:

வணக்கம். என்னிடம் ஏறத்தாழ 1,250 கிலோ எடையுள்ள, பின்சக்கர இயக்கம் கொண்ட இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் உள்ளது. நான்கு சக்கரங்களுக்கும் 225/40 ஆர்18 அளவுதான். ஆண்டுக்கு ஐந்தாறு முறை பந்தய டிராக்குக்குச் செல்கிறேன். டிரெய்லர் இல்லாததால், போய்வர ஆகும் நான்கு மணி நேரச் சாலைப் பயணமும் அதே டயர்களில்தான். இப்போதுள்ள சாதாரண ஸ்போர்ட்ஸ் டயர்கள் நான்காவது சுற்றுக்குள் சூடேறி வழுக்கத் தொடங்குகின்றன. முன் டயர்களின் வெளி ஓரத்தில் பட்டன் முழுவதும் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. உள் ஓரத்திலோ இன்னும் 5 மி.மீ. மிச்சமிருக்கிறது. யோகோஹாமா அட்வான் ஏ052, டோயோ ஆர்888ஆர், மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 ஆகிய மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். டயர் எவ்வளவு நாள் தேயாமல் உழைக்கும் என்பதைக் காட்டும் டிரெட்வேர் எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நான்காம்கியர்:

வணக்கம் நண்பரே. டயரைப் பற்றிப் பேசுவதற்கு முன், வெளி ஓரம் மொட்டையாகி உள் ஓரம் அப்படியே இருக்கிறது என்று நீங்கள் எழுதியதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். வளைவில் கார் சாயும்போது முன் டயர் தன் முழு அகலத்தையும் தரையில் பதிக்காமல், வெளி ஓரத்தின் மீதே ஏறி நிற்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. பிடிப்பு அதிகமான டயரை மாட்டினால் வளைவு வேகம் கூடும். வேகம் கூடினால் சாய்வும் கூடும். ஆகவே விலை உயர்ந்த புது டயரின் அதே ஓரம் இன்னும் விரைவாகத் தேயும். முதலில் அலைன்மென்ட் செய்பவரிடம் சென்று, முன் சக்கரங்களுக்கு எதிர்மறை கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணம்) எவ்வளவு கொடுக்க முடியும் என்று கேளுங்கள். சாலையிலும் ஓட்டும் காருக்கு 2 முதல் 2.5 டிகிரி வரை வைத்தால் உள் ஓரம் பெரிதாகக் கெடுவதில்லை. ஆனால் டோ அளவு (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பிசகினால் கெடும், அதையும் சேர்த்தே சரிபார்க்கச் சொல்லுங்கள்.

டிரெட்வேர் எண் அமெரிக்க அரசின் தர நிர்ணய முறையில் வருவது. டெக்சாஸில் குறித்த சாலைப் பாதை ஒன்றில் 7,200 மைல்கள் ஓட்டி, ஒப்பீட்டு டயரோடு வைத்துத் தேய்மானத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் டயரில் அச்சிடப்படும் எண்ணைத் தீர்மானிப்பவர் தயாரிப்பாளரே. அந்த எண் தேய்மானத்தைக் குறிக்கிறதே அன்றி, பிடிப்பை அளப்பதில்லை. ஏ052-இல் 200 என்றும் ஆர்888ஆர்-இல் 100 என்றும் இருப்பதால், முன்னது இருமடங்கு நாள் உழைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 200 என்று எழுதிய டயர்களுள் ஏ052 விரைவாகத் தேய்பவற்றில் ஒன்று. ஹாங்கூக் ஆர்எஸ்4 அதே 200-ஐத் தாங்கிக்கொண்டு வெகுநாள் உழைப்பது.

மூன்றில் ஏ052 முதல் சுற்றிலேயே ஒட்டத் தொடங்கும், ஈரத்திலும் வியக்கத்தக்க வகையில் நடந்துகொள்ளும். ஆனால் இடைவிடாமல் விரட்டினால் சில சுற்றுகளில் சூடு மிஞ்சிப் பிடிப்பை இழக்கும். ஆர்888ஆர்-க்கு பக்கச்சுவர் விறைப்பு, காடிகள் குறைவு, சாலையில் இரைச்சல் அதிகம். சூடேறிய பின்னரே தன் குணத்தைக் காட்டும். கப் 2 நீண்ட ஓட்டத்தில் நிதானமாக இருக்கும், ஆனால் குளிர்ந்த ஈரச் சாலையில் அதை நம்பக் கூடாது.

இதை நான் நேரில் அறிந்தவன். பாதி தேய்ந்த டிராக் டயர்களோடு வீடு திரும்பிய ஒரு மாலையில் மழை பிடித்துக்கொண்டது. வழியில் நிறுத்தியிருந்ததால் டயர்கள் ஆறிவிட்டன. நேரான சாலைதான், விரலளவு ஆழம்கூட இல்லாத தேங்கிய நீர்தான். ஸ்டியரிங் திடீரெனக் கையில் கனமே இல்லாமல் போயிற்று, காரின் பின்பகுதி மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சிறிது சிறிதாக எடுத்ததால் தப்பினேன். அன்றிலிருந்து, சட்டம் பல இடங்களில் 1.6 மி.மீ. வரை அனுமதித்தாலும், 3 மி.மீ.க்குக் கீழே போன டயரை மழைக்காலத்தில் சாலைக்கு எடுப்பதில்லை.

காற்றளவு:

மேலே சொன்னதோடு காற்றழுத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் அழுத்தம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. உயரும். சாலைக்குச் சரியான அழுத்தத்தோடு டிராக்கில் இறங்கினால், நாலைந்து சுற்றில் டயர் உப்பி நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடும். உங்கள் எடைக்கு, காலையில் ஆறிய நிலையில் 26 அல்லது 27-இல் தொடங்கி, வெளியே வந்த உடனேயே அளந்து, சூட்டில் 32-ஐ ஒட்டி நிற்குமாறு காற்றை இறக்கிப் பாருங்கள். பிறகு தயாரிப்பாளரின் டிராக் பரிந்துரையோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். திரும்பும் முன் மறவாமல் காற்று நிரப்புங்கள்: சூட்டில் 32 இருந்த டயர் ஆறியதும் 25-க்கு இறங்கிவிடும், அதோடு நெடுஞ்சாலையில் செல்வது ஆபத்து.

வளைவுநேசன்:

இருவருக்கும் மிக்க நன்றி. அலைன்மென்டை முதலில் முடித்துவிடுகிறேன். எங்கள் ஓட்டம் ஒவ்வொன்றும் 20 நிமிடம். நான் இடைவெளி விடாமல் ஓட்டுகிறவன். ஏ052-ஐ விட்டுவிடலாமா?

நான்காம்கியர்:

இருபது நிமிடமும் விரட்டுவதென்றால் கப் 2 வாங்குங்கள். மூன்று சுற்று விரட்டி ஒரு சுற்று ஆறவிடும் பொறுமை உங்களுக்கு வந்துவிட்டால் ஏ052 வேகமாக இருக்கும், மழையிலும் துணை நிற்கும். எதை வாங்கினாலும் பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள், அது டயர் தயாரான தேதி. 1424 என்றால் 2024-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரம். கடையில் வெகுநாள் கிடந்து இறுகிய டயரைத் தள்ளுபடிக்காக வாங்க வேண்டாம். முதல் நாளில் மெதுவாகச் சூடேற்றி, ஒரு நாள் முழுதும் ஆறவிட்டு, அதன் பிறகே விரட்டுங்கள்.