ஆசிட் பூசியதில் கன்னம் எரிகிறது. நிறுத்தவா, தொடரவா?

திருப்பூர்_ஸ்கூட்டி

வயது 27. பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். வீட்டிலிருந்து 11 கிலோமீட்டர், ஸ்கூட்டியில் போய் வருகிறேன். ஹெல்மெட் ஸ்ட்ராப் உரசும் தாடை ஓரம், உள்ளே பஞ்சு அழுத்தும் கன்னம், இரண்டும்தான் எனக்குப் பரு வரும் இடம். பள்ளிக்கூட வயதில் வராத பரு, சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு வந்தது. மூக்கில் கரும்புள்ளி வேறு.

போன மாதம் 2% சாலிசிலிக் ஆசிட் சீரம் வாங்கினேன். வாரத்துக்கு மூன்று நாள் போதும் என்று அட்டையிலேயே இருந்தது. நமக்குத்தான் பொறுமை கிடையாதே, முதல் நாளே காலையும் இரவும் ஆரம்பித்துவிட்டேன். பத்து நாளில் மூக்கு வழவழவென்று ஆனது. அந்தத் தெம்பில், கூட வேலை பார்க்கும் பெண்ணிடமிருந்து ரத்தச் சிவப்பில் இருக்கும் பீலிங் பாட்டிலை இரவல் வாங்கினேன். 30% ஏஹெச்ஏ (கிளைகாலிக் வகை ஆசிட்), 2% பிஹெச்ஏ (சாலிசிலிக்). பத்து நிமிடத்தில் கழுவ வேண்டுமாம். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வேலை செய்யவில்லை போல என்று இருபது நிமிடம் விட்டேன்.

இப்போது கன்னம் இரண்டும் காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி பளபளக்கிறது, சிரித்தால் இழுக்கிறது. பச்சைத் தண்ணீர் பட்டாலே எரிச்சல். ரசம் கொதிக்கும் ஆவிக்குக்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். இதுவரை பருவே வராத கண்ணோரத்தில் பொடிப்பொடியாக ஏதோ கிளம்பியிருக்கிறது. "இது பர்ஜிங், உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் வெளியே வருகிறது, நிறுத்தாதீர்கள்" என்கிறது ஒரு வீடியோ. தாராபுரத்தில் சித்தி மகள் கல்யாணத்துக்கு இன்னும் 35 நாள்தான் இருக்கிறது. தொடரட்டுமா?

குரோம்பேட்டை_அக்கா

நிறுத்துங்கள். இன்று இரவே.

பர்ஜிங் என்றால் வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே, ஏற்கெனவே துளைக்குள் அடைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் முந்திக்கொண்டு வரும். நாலு, ஆறு வாரத்தில் அடங்கும். தண்ணீர் பட்டால் எரியாது. உங்களுக்கு எரிகிறது, இழுக்கிறது, பருவே வராத இடத்தில் கிளம்புகிறது. தோலின் மேல் அடுக்கு போய்விட்டது, அவ்வளவுதான்.

நான் பட்டதைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் கிளைகாலிக் ஆசிட் போட்டுவிட்டு, மறுநாள் மத்தியானம் தாம்பரம் சந்தையில் சுற்றினேன். நான் மாநிறம். கண்ணாடியில் சிவப்பே தெரியவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன். நம்ம நிறத்தில் அதுதான் ஏமாற்று வேலை. சிவப்பாகத் தெரியாதது பத்து நாள் கழித்துக் கறுப்பாக எழும்பி வந்தது. பரு ஒரு வாரத்தில் போயிருக்கும், அந்தக் கறுப்பு போக எட்டு மாதம் ஆனது.

இரண்டு ஆசிடும் ஒன்றல்ல என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. சாலிசிலிக் எண்ணெயில் கரையும். அதனால் எண்ணெய் அடைத்த துளைக்குள் இறங்கும், கரும்புள்ளிக்கு அது பொருத்தம். கிளைகாலிக் தண்ணீரில் கரைவது, மேல்தோலைத்தான் உரிக்கும், வெயில் தாங்கும் சக்தியையும் குறைத்துவிடும். ஸ்கூட்டியில் 11 கிலோமீட்டர் போகிற உங்களுக்கு அந்தச் சிவப்பு பாட்டில் எதற்கு? இரவல் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

இப்போதைக்கு நுரை குறைவான ஃபேஸ்வாஷ் இரவில் மட்டும், காலையில் வெறும் தண்ணீர். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். உரிகிற இடத்தில் இரவு மெல்லிசாக வாஸ்லின். பகலில் சன்ஸ்கிரீன், எரிந்தால் ஜிங்க் ஆக்சைடு உள்ளதாகப் பாருங்கள். உரியும் தோலைக் கையால் பிய்க்காதீர்கள், கை தானாகப் போகும், எனக்குத் தெரியும்.

பாட்டி_வைத்தியம்

இதுக்கெல்லாம் ஆசிட் எதுக்கு? பயத்தம் மாவில் எலுமிச்சம் சாறு பிழிந்து தேய்த்துக் குளித்தால் போதும். எங்கள் வீட்டில் யாருக்கும் பரு கிடையாது.

குரோம்பேட்டை_அக்கா

எலுமிச்சம் சாறும் ஆசிட்தான் அம்மா, அதுவும் கடும் ஆசிட். எரிகிற கன்னத்தில் வேண்டாம். பயத்தம் மாவையும் தோல் ஆறின பிறகு பார்க்கலாம்.

கரூர்_மருந்துக்கடை

கல்யாணம் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. இந்த 35 நாளில் யாராவது ஒருவர் உங்களிடம் ஒரு "வெள்ளை கிரீம்" நீட்டுவார். மூன்று நாளில் எரிச்சல் அடங்கும், முகம் பளிச்சென்று ஆகும். உள்ளே இருப்பது ஸ்டீராய்டு. விட்டதும் பரு இரண்டு மடங்காகத் திரும்பும், நாளாக நாளாகத் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும், மீசை மாதிரி முடிகூட வரும். கடையில் தினமும் இரண்டு பேராவது டாக்டர் சீட்டு இல்லாமல் இதைக் கேட்கிறார்கள். இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

ஆஸ்பிரின் மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் சாலிசிலிக் பக்கமே போக வேண்டாம், இரண்டும் ஒரே குடும்பம். கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு. இன்னொன்று, தாடையில் மட்டும் பரு, கூடவே மாதவிலக்கு தள்ளிப்போகிறது என்றால் ஹெல்மெட்டை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். ஹார்மோன் டெஸ்ட் ஒன்று பார்த்துவிடலாம்.

திருப்பூர்_ஸ்கூட்டி

24 நாள் ஆகிறது. அக்கா, நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் நிறுத்தினேன். நாலாம் நாள் எரிச்சல் குறைந்தது, இரண்டு வாரத்தில் தோல் உரிவது நின்றது. நீங்கள் பயமுறுத்திய மாதிரியே இடது கன்னத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்திருக்கிறது.

தோல் டாக்டரைப் பார்த்தேன். கறுப்புக்கு இப்போது மருந்தே வேண்டாம், சன்ஸ்கிரீனும் பொறுமையும்தான் என்றார். பருவுக்கு அடாபலீன் 0.1% என்ற பூச்சு மருந்தை எழுதிக் கொடுத்து, கல்யாணம் முடிந்த பிறகு, வாரம் இரண்டு இரவு, பட்டாணி அளவு என்றார். ஆரம்பத்தில் இதுவும் உரியுமாம், அதனால்தான் இப்போது வேண்டாமாம். மாதவிலக்கு சரியாகத்தான் வருகிறது, கரூர் அண்ணா. ஹெல்மெட் பஞ்சைக் கழற்றித் துவைத்தேன். வாங்கி இரண்டு வருடத்தில் முதல் முறை. அந்தத் தண்ணீரின் நிறத்தை இங்கே எழுத மாட்டேன். இப்போது உள்ளே ஒரு காட்டன் துணி கட்டிக்கொண்டு போகிறேன், கம்பெனியில் பனியன் துணிக்கா பஞ்சம்?

வெள்ளை கிரீமும் வந்தது அண்ணா, பெரியம்மாவிடமிருந்து. வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

மேக்கப் அக்காவிடம் நேற்று பேசினேன். முதல் வாரம் பிளீச், அடுத்த வாரம் ஃபேஷியல் என்று ஆரம்பித்தார். இரண்டும் வேண்டாம், அந்தக் கன்னத்தைத் தேய்க்காமல் மூடிவிட்டால் போதும் என்றேன். "ஃபோட்டோவில் கறுப்பாகத் தெரிந்தால் என்னைச் சொல்லக் கூடாது" என்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். இன்னும் 11 நாள்.