பாலித் தீவில் ஒரே நாளில் எந்தக் கோயில்களைப் பார்க்கலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்துடன் இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குச் சென்று உபுதில் தங்கவிருக்கிறோம். மற்ற நாட்களைக் கடற்கரைக்கும் பிள்ளைகளின் விருப்பத்திற்கும் ஒதுக்கிவிட்டதால், கோயில்களுக்கென்று ஒரு முழு நாள்தான் கிடைக்கிறது. பெசாக்கி, தானா லோட், உலுவாட்டு ஆகிய மூன்றையும் அந்த ஒரு நாளில் பார்த்துவிட முடியுமா? எழுபது வயதைக் கடந்த என் தாயாரும் உடன் வருகிறார். முழங்கால் வலி இருந்தாலும், இந்தப் பயணத்தில் அவர் ஆவலோடு எதிர்பார்ப்பது அந்த ஒரு நாளைத்தான்.

பதில் 1

வணக்கம். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். பெசாக்கி கிழக்கே ஆகுங் எரிமலைச் சரிவிலும், தானா லோட் மேற்குக் கடலோரப் பாறையிலும், உலுவாட்டு தென்கோடிச் செங்குத்துப் பாறையின் உச்சியிலும் இருப்பதால், நாளின் பெரும்பகுதி காரிலேயே கழிந்துவிடும். உபுதுக்கு அருகிலேயே, பக்ரிசான் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி, தொன்மையான தலங்கள் இருக்கின்றன. காலையில் முதலில் தம்பாக்சிரிங்கில் உள்ள தீர்த்த எம்புல் செல்லுங்கள். கி.பி. 962-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இக்கோயிலின் உள்முற்றத்தில் ஊற்றுக்குளம் ஒன்று உண்டு. தெளிந்த நீருக்கடியில் கரிய மணல் சிறு புகைபோலக் கிளம்பிக் கிளம்பி அடங்குவதை அங்கே கண்ணாரக் காணலாம். மாயதனவன் என்னும் அரசன் நஞ்சிட்ட நீரைக் குடித்து மயங்கிய படையை எழுப்ப இந்திரன் உண்டாக்கிய ஊற்று இது என்பது அவ்வூர் ஐதீகம். அடுத்து, அருகிலுள்ள குனுங் காவியில் 11-ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து செதுக்கிய பத்துச் சன்னதி வடிவங்களைப் பாருங்கள். திரும்பும் வழியில் கோவா காஜா குகை. உள்ளே பிள்ளையாரும் மூன்று லிங்கங்களும் இருப்பதால் தாயார் மனம் குளிர்வார்.

பதில் 2

மேலே சொன்ன வரிசை அருமையானதுதான். ஆனால் குனுங் காவிக்கு ஏறத்தாழ முந்நூறு படிகள் இறங்கி, பிறகு அத்தனையும் ஏறியாக வேண்டும். முழங்கால் வலியுள்ளவரை அங்கே அழைத்துச் செல்வதை நான் ஏற்கமாட்டேன். அதற்குப் பதிலாக, அதே வழியில் பெஜெங் ஊரிலுள்ள பெனாத்தரான் சசி கோயிலுக்குச் செல்லுங்கள். ஆள் உயரத்தை மிஞ்சிய பழங்கால வெண்கல முரசு ஒன்றை உயர்ந்த மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். வானத்திலிருந்து விழுந்த நிலவின் சக்கரம் என்றே ஊரார் அதை வணங்குகிறார்கள். கோவா காஜாவிலும் படிகள் உண்டு, ஆனால் குனுங் காவியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

தாயாரிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவையுங்கள். பெரும்பாலான பாலிக் கோயில்களில் நம் கோயில்களைப்போலக் கருவறையில் மூலவர் நிலையாக வீற்றிருப்பதில்லை. திறந்த முற்றத்தில் பத்மாசனம் என்னும் கல் அரியணை வெறுமையாக நிற்கும். திருவிழா நாட்களில் தெய்வங்கள் இறங்கி வந்து தங்குவதாக நம்புகிறார்கள். இதை அறியாமல் போகிறவர்கள் சாமியைத் தேடி ஏமாந்து திரும்புவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. குனுங் காவியை விட்டுவிடுகிறோம். தீர்த்த எம்புலில் என் தாயார் நீராடலாமா? உடை விதிகள் ஏதேனும் உண்டா?

பதில் 3

தாராளமாக நீராடலாம், அம்மா. அதற்கென்று தரும் சாரோங்கை உடுத்திக்கொண்டு, முதலில் காணிக்கை வைத்து வேண்டிய பிறகே குளத்தில் இறங்க வேண்டும். வரிசையாக உள்ள நீர்த்தாரைகளில் ஒவ்வொன்றாகத் தலையை நனைத்துச் செல்வார்கள். இறந்தோர் சடங்கிற்கு உரிய தாரைகளைத் தவிர்க்க வேண்டும் என்பதால், உள்ளூர் வழிகாட்டி ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அடித்தளக் கல் வழுக்கும், ஆகவே தாயாரின் கையை விடாதீர்கள். நீராட மனமில்லை என்றால் கரையிலிருந்தே வணங்கலாம்.

எந்தக் கோயிலிலும் சாரோங்கும் இடைக்கச்சையும் கட்டாயம். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் உள்ளே வரக்கூடாது என்ற அறிவிப்பையும் வாயிலில் காண்பீர்கள். தரையில் வைத்திருக்கும் சிறு ஓலைத்தட்டுப் பூக்காணிக்கைகளை மிதித்துவிடாமல் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளுங்கள். பல கோயில்களில் 210 நாட்களுக்கு ஒருமுறை ஓடலான் திருவிழா நடக்கும். நீங்கள் செல்லும் நாளில் அருகில் எங்கேனும் நடக்கிறதா என்று விடுதியில் கேளுங்கள். நடந்தால், மற்றவற்றைக் குறைத்துக்கொண்டாவது அங்கே செல்லுங்கள். 2024 பிப்ரவரி முதல் வெளிநாட்டுப் பயணிகள் ஒவ்வொருவருக்கும் 1,50,000 ருப்பியா வரி உண்டு; அதைப் புறப்படும் முன்பே இணையத்தில் செலுத்திவிடலாம்.