சவூதி கொடியில் ஏன் பிறை இல்லை?

கோடைமழை:
தங்கை பொது அறிவுப் போட்டிக்குப் படிக்கிறாள். அவள் கையேட்டில் கிறிஸ்தவத்துக்குச் சிலுவை, யூத மதத்துக்கு ஆறுமுனை நட்சத்திரம், இஸ்லாத்துக்குப் பிறையும் நட்சத்திரமும் என்று போட்டிருக்கிறது. துருக்கி, பாகிஸ்தான், மலேசியா கொடிகளில் பிறை இருக்கிறது, சரி. மக்கா இருக்கிற சவூதியின் கொடியில் ஏன் இல்லை? பிறை மதச் சின்னம்தானா?

பழையகாசு:
பிறையும் நட்சத்திரமும் இஸ்லாத்தைவிட மூத்தவை. இன்றைய இஸ்தான்புல் இருக்கும் இடத்தில் இருந்த பைசாந்தியம் என்ற கிரேக்க நகரத்தின் நாணயங்களிலேயே, கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே இரண்டும் இருக்கின்றன. பாரசீகத்தின் சசானிய அரசர்களின் காசுகளிலும் பார்க்கலாம். அதை முஸ்லிம் உலகின் அடையாளமாக்கியது பெரும்பாலும் துருக்கியர்களின் உதுமானியப் பேரரசுதான். 1453-இல் அந்த நகரத்தைப் பிடித்தபோது பிறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது, அதை அப்படியே நம்ப வேண்டாம், துருக்கியர்களிடம் பிறை அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. ரஷ்யாவுடன் போர் நெருங்கிய 1876-இல், மருத்துவ வண்டிகளில் செஞ்சிலுவைக்குப் பதிலாகச் செம்பிறையைப் போடுவோம் என்று உதுமானிய அரசு அறிவித்தது. 1929 ஜெனீவா ஒப்பந்தத்தில் அதற்கு முறையான ஏற்பும் கிடைத்தது. அப்புறம் 'சிலுவை அவர்களுக்கு, பிறை இவர்களுக்கு' என்ற எண்ணம் உலகம் முழுக்கப் படிந்துவிட்டது. செஞ்சிலுவையே மதச் சின்னமாக வந்ததில்லை, சுவிட்சர்லாந்து கொடியை நிறம் மாற்றிப் போட்டதுதான், அது வேறு கதை.

காயல்காற்று:
குர்ஆனில் பிறை காலக்கணக்குக்காகத்தான் வருகிறது. மக்கள் நாள் குறிக்கவும் ஹஜ்ஜின் காலத்தை அறியவும் பிறைகள் என்று 2:189 சொல்கிறது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் சஜ்தா (தலை தரையில் பட வணங்குதல்) செய்யாதீர்கள் என்று 41:37-இல் நேராகவே இருக்கிறது, அதனால் 'முஸ்லிம்கள் நிலாவைக் கும்பிடுகிறார்கள்' என்று யாராவது கிளப்பினால் இந்த வசனத்தைக் காட்டுங்கள். நோன்பும் பெருநாளும் பிறை பார்த்துத்தான். அதில் வரும் சண்டை ஊருக்கே தெரியும், ஒரு தெருவில் இன்று பெருநாள், அடுத்த தெருவில் நாளை! பள்ளிவாசல் மினாரா உச்சியில் பிறை வைப்பது வழக்கம், மார்க்கக் கட்டாயம் இல்லை. சவூதி கொடியில் இருப்பது கலிமாவும், அதாவது 'அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை, முஹம்மது அவனுடைய தூதர்' என்ற உறுதிமொழியும், அதன் கீழே ஒரு வாளும். கலிமா இருப்பதால் அந்தக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட மாட்டார்கள்.

தேக்காவாசி:
எங்கள் சிங்கப்பூர் கொடியிலும் பிறை இருக்கிறதே. வளரும் இளம் நாட்டைக் குறிக்கிறது என்பதுதான் அரசு சொல்லும் விளக்கம்.

கோடைமழை:
அப்படியானால் அந்த ஆறுமுனை நட்சத்திரமும் இப்படிப் பிற்பாடு வந்ததுதானா?

பழையகாசு:
கிட்டத்தட்ட அப்படித்தான். வெறும் அலங்காரமாக எல்லா மதத்தாரும் வரைந்த வடிவம் அது. நடுக்காலத்தில் பிராக் நகர யூதர்கள் தங்கள் கொடியில் வைத்தார்கள், 19-ஆம் நூற்றாண்டில் எங்கும் பரவியது, 1897-இல் பாசல் நகரில் கூடிய முதல் சியோனிஸ்ட் மாநாடு, அதாவது யூதர்களுக்குத் தாயகம் கேட்டவர்களின் மாநாடு, அதை எடுத்துக்கொண்டது. யூதர்களின் பழைய சின்னம் மெனோரா, அதாவது ஏழு கிளை விளக்கு. கி.பி. 70-இல் எருசலேம் ஆலயத்தை இடித்த ரோமானியர்கள் அந்த விளக்கைத் தூக்கிக்கொண்டு போவதை ரோமில் டைட்டஸ் வளைவில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இஸ்ரேலின் அரசு முத்திரையில் உள்ள விளக்கு அந்தச் சிற்பத்தைப் பார்த்து வரைந்ததுதான்.