ஐப்பசி ஈரமும் பூல் மேசைத் துணியும்: காவிரிப் படுகையிலிருந்து சில அனுபவங்கள்

கும்பகோணத்திலிருந்து

கும்பகோணத்தில், கோலால் பந்தை அடித்து மேசை ஓரத்துப் பாக்கெட்டுகளில் தள்ளும் ஆட்டங்களான பூலுக்குரிய மேசைகளும் ஸ்நூக்கருக்குரிய முழு அளவு மேசை ஒன்றும் உள்ள விளையாட்டுக் கூடத்தைப் பராமரித்து வருகிறேன். ஐப்பசி பிறந்து கொண்டல் காற்று வீசத் தொடங்கியதும், புரட்டாசி வரை ஒழுங்காக ஓடிய பந்து நடுவழியில் நின்றுவிடுகிறது என்று ஆட்டக்காரர்கள் முறையிடுவது ஆண்டுதோறும் நடக்கிறது. துணி தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள் என்று பலர் சொல்கிறார்கள். மேசையின் மட்டமே கெட்டுவிட்டது என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் இரண்டுமே காரணமல்ல; துணிக்குள் நீர் ஏறியிருக்கிறது. இது தெரியாமல், இன்னும் நெடுநாள் உழைக்கக்கூடிய துணியைக் கார்த்திகை மழைக்கு நடுவில் பிரித்தெறிகிறார்கள் என்பதே என் வருத்தம். அனுபவமுள்ளவர்கள் தாங்கள் கண்டதை எழுத வேண்டுகிறேன்.

முதலில் துணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நல்ல மேசைகளில் போடப்படும் துணி கம்பளியால் ஆனது. பெல்ஜியத்துச் சிமோனிஸ் நிறுவனத்தின் 860 என்ற வகையில் 90 விழுக்காடு கம்பளியும் 10 விழுக்காடு நைலானும் இருக்கின்றன. அதே நிறுவனத்தின் 760 வகையில் நைலான் 30 விழுக்காடு. கையால் தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் சொரசொரப்பாகவும் உணரப்படும் ஸ்நூக்கர் துணியிலோ கம்பளியே மிகப் பெரும் பங்கு. தொட்டால் ஈரம் தெரியாத நிலையிலேயே, தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய இழை கம்பளி. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போதே, உலர் எடைக்கு 16 விழுக்காடு அளவில் நீர் அதில் தங்கியிருக்கும். நைலானில் அது 4 விழுக்காடு அளவுதான். கொள்முதல் நிலையத்து வாசலில் 17 விழுக்காடு ஈரப்பதத்துக்காக நெல்லைக் கொட்டிக் கிளறிக் காத்துக் கிடக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. களத்து நெல் போலவே மேசைத் துணியும் மழையில் நனையாமலே, காற்றிலிருந்து ஈரம் ஏற்றிக்கொள்கிறது.

நீர் ஏறிய இழை பருத்து மென்மையாகிவிடுவதால், பந்து துணியில் சற்றே அமிழ்ந்து, கூடுதல் உராய்வோடு உருள்கிறது. ஆடுபரப்பின் துணி மட்டும் நமுத்துப்போவதில்லை, மேசை விளிம்பில் பந்தைத் திருப்பிவிடும் ரப்பர் தடுப்பான குஷன்மேல் போர்த்திய துணியும் நமுத்துப்போகிறது. உலர்ந்த துணியில் பந்து குஷன்மேல் சறுக்கி அகலமான கோணத்தில் திரும்பும். ஈரத் துணி பந்தைப் பற்றிக்கொள்வதால் கோணம் குறுகி, மூலைப் பாக்கெட்டுக்குக் கணக்கிட்டு அடித்த பந்து அதற்கு முன்னதாகவே பக்கத்தில் போய் முட்டும். நான்கு மாதம் பழகிய கணக்கு ஒரே வாரத்தில் பொய்த்துப்போவதால்தான் ஆட்டக்காரருக்கு மேசையின்மேல் கோபம் வருகிறது.

நாகப்பட்டினத்திலிருந்து

கும்பகோணத்து நண்பர் மழைக்காலத்தைச் சொன்னார். கடற்கரையில் இருக்கும் எங்களுக்கு ஏறத்தாழ ஆண்டு முழுவதும் இதே நிலைதான்; கோடையின் நடுவிலும் பிற்பகலில் கடற்காற்று உள்ளே புகுந்தால் சுவரில் ஓதம் தெரியும். இங்கே துணியை மிகுதியாகக் கெடுப்பது ஈரக்காற்று மட்டுமல்ல, ஏசியைப் பயன்படுத்தும் முறையும்தான் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் ஊரில் ஒரு கூடத்தில் மாலை முதல் நள்ளிரவு வரை ஏசி 22 டிகிரியில் ஓடும். ஆட்டம் முடிந்ததும் அதை நிறுத்திவிட்டு, சிகரெட் வாடை போகட்டும் என்று எல்லாச் சன்னல்களையும் திறந்து வைப்பார்கள். காலையில் மேசையைத் தொட்டால் துணி சில்லென்று பிசுபிசுத்திருக்கும். இரவில் யாரோ தண்ணீர் கொட்டிவிட்டார்கள் என்று வேலையாட்களைக் கடிந்துகொள்வது அங்கே வழக்கமாகவே ஆகியிருந்தது. யாரும் தண்ணீர் கொட்டவில்லை. 28 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராகப் படியத் தொடங்கும். துணிக்கு அடியில் இருப்பதோ கனமான கற்பலகை. அது பல மணி நேரம் குளிர்ந்திருப்பதால் சன்னல் திறந்தவுடன் சூடேறாது. உள்ளே வரும் கடற்காற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த கல்லின் மேலும் அதை ஒட்டிய துணியிலும் இறங்குகிறது. அடிப்பக்கத்தைக் கைவிளக்கால் பார்த்தபோது கல்லின் கீழ்ப்பரப்பிலும் பனித்துளிகள் கோத்து நின்றன.

அந்தக் கூடத்தார் பிறகு சன்னல்களைத் திறப்பதை நிறுத்திவிட்டு, ஏசியை 26 டிகிரியில் வைத்து, இரவில் ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்றை ஓட விடுகிறார்கள். அதன் தொட்டியில் காலையில் சேர்ந்திருக்கும் தண்ணீரைப் பார்த்தால், அது இல்லாத நாட்களில் எவ்வளவு நீர் துணிக்குள் போயிருக்கும் என்பது எவருக்கும் விளங்கும். இப்போது அந்த மேசை தஞ்சாவூர் மேசைகளின் வேகத்தை எட்டிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் திங்கள்கிழமை ஓடியது போலவே வெள்ளிக்கிழமையும் ஓடுகிறது. ஆட்டக்காரருக்கு அதுதான் வேண்டும்.

திருவாரூரிலிருந்து

ஒரு சிறு குறிப்பு மட்டும். விலை குறைந்த மேசைகளில் கற்பலகைக்குப் பதிலாக, மர இழைகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை வைக்கிறார்கள். அந்த வகை மேசையில் துணியைக் குறை சொல்வதற்கு முன்பு ரசமட்டத்தை வைத்துப் பலகையைப் பார்த்துவிடுங்கள். ஈரத்தில் எம்.டி.எஃப் உப்பிவிட்டால் அது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எத்தனை உயர்ந்த துணி போட்டாலும் பயன் இருக்காது. வீட்டு மாடியில் ஓட்டுக்கூரைக்குக் கீழே வைத்த அத்தகைய மேசை ஒன்று, ஒரே அடைமழைக்காலத்தில் நடுவில் மேடு தட்டிப்போனதை உறவினர் வீட்டில் பார்த்தேன்.

தஞ்சாவூரிலிருந்து

நாகப்பட்டினத்து அண்ணன் சொன்ன நிலைத்தன்மையை அளந்து பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பந்து நேராக உருள்வதற்கேற்ற பள்ளம் வெட்டிய சிறு மரச்சரிவு ஒன்றைச் செய்து, மேசையில் எப்போதும் ஒரே இடத்தில் வைத்து, ஒரே உயரத்திலிருந்து பந்தை விட்டு, அது நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்கிறேன். பக்கத்தில் ஒரு ஈரப்பதமானி. நோட்டில் இரண்டையும் எழுதி வருகிறேன். பங்குனி வெயிலில் நின்ற இடத்துக்கும் கார்த்திகை அடைமழையில் நின்ற இடத்துக்கும் நடுவே பல சாண் இடைவெளி இருக்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றியது வேறொன்று: மழை நின்று வெயில் அடித்த அன்றே பந்து பழைய தொலைவுக்குத் திரும்புவதில்லை, அறையின் ஈரப்பதம் இறங்கிய பிறகும் துணி தன் நீரை மெல்லத்தான் விடுகிறது. எனவே ஒரு நாள் ஆட்டத்தை வைத்துத் துணியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

வெளிநாட்டுப் பெரும் போட்டிகளில் மேசைக்கு அடியில் வெப்பமூட்டி பொருத்துவது ஆடம்பரம் என்று சிலர் நினைக்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் அதன் தேவை விளங்கும். 28 டிகிரியில் 85 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட காற்றை, ஒரு துளி நீரும் எடுக்காமல் 33 டிகிரிக்குச் சூடாக்கினாலே ஈரப்பதம் ஏறத்தாழ 64 விழுக்காடாகிவிடும். அதாவது துணியை ஒட்டிய காற்றுப் படலத்தை ஐந்து டிகிரி கூட்டினால், அத்தகைய ஈர நாளிலும் துணி உலர்ந்த நாளின் அளவுக்கே நீர் வைத்திருக்கும். பாக்கெட் இல்லாத கேரம் பில்லியர்ட்ஸ் மேசைகளைச் சூடாக்கியே ஆடுவதும், அங்கே பந்து பல குஷன்களைச் சுற்றி வருவதும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

ஒரு கேள்வியும் இருக்கிறது. துணி ஈரத்தில் நீளும் என்றால், அது நீண்டிருக்கும் மழைக்காலத்திலேயே இழுத்துப் போட்டுவிட்டால், கோடையில் தானாகவே இறுகி நல்ல வேகம் தரும் அல்லவா? எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்கிறார்கள்.

மன்னார்குடியிலிருந்து

தஞ்சாவூர்த் தம்பியின் கேள்விக்கு, நெடுங்காலம் துணி போடும் வேலை செய்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள்.

கம்பளித் துணி ஈரம் ஏறினால் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் விரியும், உலர்ந்தால் சுருங்கும், அது உண்மை. ஒன்பது அடி மேசையின் ஆடுபரப்பு 100 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் கொண்டது. ஒரு விழுக்காடு விரிந்தாலே நீளத்தில் ஓர் அங்குலம் ஆகிவிடுகிறது. இழுத்துக் கட்டிய துணியில் அந்த விரிவு முதலில் இறுக்கத்தைத் தின்னும். இறுக்கம் தீர்ந்த பிறகுதான் பாக்கெட் ஓரங்களில் அலையலையாகச் சுருக்கம் எழும். ஆகவே கண்ணுக்குச் சுருக்கம் தெரியாத மேசையும் தளர்ந்திருக்கக்கூடும். உள்ளங்கையால் அழுத்தித் தள்ளிப் பார்த்தால், துணி கையோடு நகர்வதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

இனி எதிர்ப்பக்கம். மழையில் நமுத்த துணியை முழு வலுவோடு இழுத்து ஸ்டேப்பிள் அடித்துவிட்டால், சித்திரையில் அது சுருங்கும்போது அந்த இழுவிசை எல்லா இடத்திலும் சமமாகப் பரவுவதில்லை. துணியை வெட்டி மடக்கியிருக்கும் பக்கப் பாக்கெட்டுகளில் போய்க் குவிகிறது. அங்கே வெட்டுவாய் நீண்டு கிழிந்ததையும், கற்பலகையின் கீழுள்ள மரச்சட்டத்திலிருந்து ஸ்டேப்பிள்கள் வரிசையாகப் பிடுங்கிக்கொண்டதையும் பழுதுபார்க்கப் போன இடங்களில் கண்டிருக்கிறேன். இறுக்கம் வேகம் தரும் என்பது சரி. அந்த இறுக்கத்தை வெயிலிடம் விட்டுவிடாமல் கைதான் தீர்மானிக்க வேண்டும்.

நான் மாசி, பங்குனியில் துணி போடுவதையே விரும்புகிறேன். சம்பா அறுவடைத் தூசியும் வைக்கோல் துகளும் அடங்கியிருக்கும், காற்றும் உலர்ந்திருக்கும். துணிச் சுருளை உறையிலிருந்து எடுத்து, மேசையின்மேல் விரித்து, ஒரு நாள் முழுவதும் அறையின் காற்றுக்குப் பழக விடுவேன். ஏசியில் ஆடும் கூடமென்றால் அந்த ஒரு நாளும் ஏசி ஓட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். மின்கட்டணத்துக்கு அஞ்சி மறுக்கும் உரிமையாளர்களிடம் வேலையை ஒப்புக்கொள்வதில்லை.

வேதாரண்யத்திலிருந்து

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தபோது, எங்கள் மன்றத்துக் கூரையின் ஒரு பகுதி பறந்துபோயிற்று. மின்கம்பங்கள் விழுந்து கிடந்ததால் நெடுநாள் மின்சாரம் இல்லை. வீடிழந்தவர்களுக்கு முன்னால் மேசையைப் பற்றிப் பேசக்கூட அப்போது யாருக்கும் மனம் வரவில்லை. எல்லோரும் நிவாரண வேலைக்குப் போய்விட்டோம். இரண்டு மேசைகள் இருந்தன. ஒன்றின்மேல் தார்ப்பாயை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மற்றொன்றுக்குப் பருத்தி உறை மட்டும் இருந்தது, அதுவும் விலகிக் கிடந்தது. நல்லவேளையாக அது கூரை போகாத பக்கத்தில் நின்றது.

திரும்பி வந்து பார்த்தபோது, தார்ப்பாய் போர்த்திய மேசையில்தான் சேதம் அதிகம். உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் துணி முழுவதும் பூஞ்சணம் பூத்து, ஸ்டேப்பிள்களின் துருக்கறை ஓரங்களில் மேலேறியிருந்தது. கற்பலகைகளின் இணைப்பில் பூசிய மெழுகு பெயர்ந்துபோனதால் மேசையைப் பிரித்து, மட்டம் பார்த்து, புதிதாகத் துணி போட வேண்டியதாயிற்று. காற்றாடக் கிடந்த மேசையின் துணியோ நன்றாக நமுத்திருந்தாலும், தை மாதத்து வெயிலில் மெல்ல உலர்ந்து ஆட்டத்துக்கு வந்துவிட்டது. கூரை ஒழுகும் நேரத்தில் தார்ப்பாய் தேவைதான்; ஒழுக்கு நின்ற மறுகணமே அதை எடுத்துவிட வேண்டும் என்பதே நாங்கள் கற்றுக்கொண்டது.

கும்பகோணத்திலிருந்து

அனைவருக்கும் நன்றி. மன்னார்குடி ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். மழை நாளில் ஸ்நூக்கர் மேசைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டால் உடனே வேகம் கூடுகிறது. ஆனால் எங்கள் கூடத்தில் சிலர் பூல் மேசைக்கும் அதையே செய்யச் சொல்கிறார்கள். சிலர் கையில் பூசும் டால்கம் பவுடரைத் துணியின்மேலும் தூவுகிறார்கள். இவை சரிதானா?

மன்னார்குடியிலிருந்து

ஸ்நூக்கர் துணிக்கு இஸ்திரி உரியதுதான். முதலில் பிரஷ்ஷால் தூசியை எடுத்துவிட்டு, துணியின் மேல்மயிர் சாய்ந்திருக்கும் போக்கிலேயே, ஆட்டம் தொடங்கும் முனையிலுள்ள பாக் கோட்டுப் பக்கத்திலிருந்து கறுப்புப் பந்து இருக்கும் முனையை நோக்கி, பெட்டியை எங்கும் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகக் கொண்டுபோக வேண்டும். அந்தச் சூட்டில் ஈரமும் ஓரளவு வெளியேறும். மழை நாளில் அந்தப் பயன் நெடுநேரம் நிற்காது. அறைக் காற்று மாறாதவரை துணி மறுபடியும் வாங்கிக்கொள்ளும். முறுக்கிய நூலில் வழவழப்பாக நெய்த பூல் துணிக்குப் படுக்க வைக்க வேண்டிய மயிரே இல்லை, ஆகவே அதற்கு இஸ்திரி வேண்டாம். கோல் முனையில் தடவும் சாக்பீஸின் தூளை வாக்குவம் கிளீனரால் எடுத்தால் போதும். ஈரநாளில் அந்தத் தூள் துணியில் அப்பிக்கொள்ளும் என்பதால், ஐப்பசி முதல் மார்கழி வரை அதை அன்றாடம் செய்யச் சொல்லுங்கள். பவுடரைத் தூவ யாரையும் விடாதீர்கள். அது இழைகளுக்கு நடுவே இறங்கி அடைத்துக்கொண்டால், பங்குனி வெயில் வந்த பிறகும் அந்த இடம் திட்டாகவே நிற்கும்.