போர்க்குற்ற வழக்குக் கோப்புகளில் நீங்கள் யாரைத் தேடினீர்கள்?

ஆரையம்பதியிலிருந்து:

அம்மம்மாவின் மூத்த அண்ணன் மலாயாவில் ஒரு றப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, இருந்தார். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் மலாயாவுக்குப் போனவர்கள் குறைவு, அது யாழ்ப்பாணத்தாரின் வழி. இவர் ஒரு கூட்டாளியோடு தொற்றிக்கொண்டு போய்விட்டார். கடைசிக் கடிதம் 1941 கார்த்திகையில் வந்தது. யுத்தம் முடிந்தபிறகு ஊர் திரும்பிய ஒருவர், "அவரைச் சயாமுக்குத் தண்டவாளம் போட ஏத்திக்கொண்டு போனாங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாராம். அவ்வளவுதான் செய்தி. அம்மம்மா சாகும்வரை அவருக்குத் திவசம் கொடுக்க விடவில்லை. "செத்ததென்று ஆர் கண்டது மனே?" என்பார்.

அந்தக் கேள்வியோடுதான் நான் கோப்புகளுக்குள் போனேன். 1946 முதல் 1948 வரை பிரித்தானிய இராணுவ நீதிமன்றங்கள் சிங்கப்பூரில் மட்டும் யப்பானியப் படையைச் சேர்ந்தவர்கள்மீது 131 போர்க்குற்ற வழக்குகளை விசாரித்திருக்கின்றன. மூலக் கோப்புகள் லண்டனில், கியூ என்ற இடத்திலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில், டபிள்யூ.ஓ. 235 என்ற வரிசையில் இருக்கின்றன. மருமகன் லண்டனில்தான் வேலை செய்கிறான். வாசகர் அட்டை எடுத்து, பென்சில் ஒன்றோடு போய் (பேனாவை உள்ளே விடமாட்டார்கள்), ரயில்பாதை வழக்குகளின் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பினான். ஆறு மாதம் இரவு இரவாக இருந்து வாசித்தேன்.

தட்டச்சு மங்கிய தாள்கள். குற்றப்பத்திரம், சாட்சிகளின் வாக்குமூலம், சத்தியக்கடதாசிகள், தீர்ப்பு, அதை மேலதிகாரி உறுதிப்படுத்திய கடிதம். ஒரு சத்தியக்கடதாசியில் சிப்பாய் எழுதுகிறான்: எந்த முகாம், எந்த மாதம், அடித்தவனின் பட்டப்பெயர், மூங்கிலின் தடிப்பு, செத்தவனின் பெயர், படைப்பிரிவு, இலக்கம். வாசிக்க வாசிக்க எனக்கு ஆத்திரமும் வந்தது, பொறாமையும் வந்தது. ஆம், பொறாமைதான். செத்தவனுக்கு ஓர் இலக்கம் இருந்திருக்கிறதே!

சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மா வரை யப்பான் போடுவித்த 415 கிலோமீற்றர் ரயில்பாதை அது. 1943 ஐப்பசியில் இரண்டு முனையும் சேர்ந்தன. அதில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேல், இறந்தவர்கள் 12,000க்கு மேல். கைதிகளின் இறப்பை அவர்களுடைய அதிகாரிகளே முகாமில் ஒளித்து ஒளித்து எழுதி வைத்திருந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள், அதாவது மலாயாத் தமிழர், பர்மியர், சீனர், மலாயர், யாவா நாட்டவர், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு மதிப்பீடுகள்தான். 90,000 என்று ஒரு கணக்கு அடிக்கடி சொல்லப்படும். எங்கள் ஆட்களின் பிணத்தை எண்ண அங்கே ஒரு கிராணியாவது இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். எங்கள் தாத்தாவே கிராணிதான், அது வேறு கதை.

எஃப் படை என்று 7,000 கைதிகள் 1943 சித்திரையில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுபோகப்பட்டு, மழையில் இரவிரவாக 300 கிலோமீற்றர் அளவு நடத்தப்பட்டார்கள். 3,000க்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. அதற்காக 1946இல் ஏழு பேர்மீது வழக்கு நடந்தது. அந்தப் படையின் கதையில் கொன்கொய்ட்டா என்றொரு முகாம் வரும். கைதிகளுக்குக் கொலரா தொற்றியது அங்கேயிருந்த ஆசியத் தொழிலாளரிடமிருந்து என்பார்கள். கோப்புகளில் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் இப்படித்தான் எட்டிப்பார்க்கிறார்கள். நோய் வந்த வழியாக. "கூலிகள்" என்ற ஒரே பெயரோடு. அதே நோயில் அவர்கள் செத்தது அந்த வழக்கின் விடயமே இல்லை.

தண்டனைகளையும் சொல்லவேண்டும். பாதை வேலைக்குத் தளபதியாக இருந்த இஷிடா எய்குமாவுக்குப் பத்து வருடச் சிறை. அதே வழக்கில் அவருக்குக் கீழே இருந்த இரண்டு அதிகாரிகளுக்குத் தூக்கு. முகாம்களில் நின்ற காவலர்களில் பலர் கொரியர்கள், தங்கள் நாட்டையே யப்பானிடம் இழந்தவர்கள். இந்த மாதிரி வழக்குகளில் எல்லா நாடுகளிலுமாகச் சேர்த்து 148 கொரியர்கள் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, 23 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அடிபட்டவன் கண்ணுக்குத் தெரிவது அடித்தவனின் முகம். திட்டம் போட்டவனின் முகம் முகாமில் எவனுக்குத் தெரியும்? இதை நியாயப்படுத்த நான் வரவில்லை. அந்தக் காவலர்களின் கொடுமையை வாசித்தவனுக்கு இரக்கம் சுலபத்தில் வராது.

தாத்தாவின் பெயர் எங்கும் இல்லை.

கல்முனையிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பியின் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். நான் நீதிமன்றங்களில் முதலியாராக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, 28 வருடம் நின்றவன். ஓய்வுபெற்ற பிறகு இந்தச் சிங்கப்பூர் வழக்குகள் சிலவற்றை இணையத்தில் வாசித்தேன். நான் தேடியது உறவுக்காரரை இல்லை, என் தொழில்காரரை.

அங்கே வழக்கு ஆங்கிலத்தில். எதிரிகள், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்கள், யப்பானியர். ஒவ்வொரு கேள்வியும் மொழிமாறிப் போய், மொழிமாறித் திரும்பியிருக்கிறது. ஆனால் ஏட்டில் இருப்பது ஆங்கிலம் மட்டும். சாட்சி உண்மையில் வாயால் சொன்ன சொல் காற்றோடு போய்விட்டது. நமது நீதிமன்றங்களிலும் இதே கதைதான். வயலூர்ப் பெண் ஒருத்தி, "வந்தாங்க, அடிச்சாங்க, கொண்டு போனாங்க" என்பாள். எங்கள் பேச்சில் யார் என்று சொல்லாமலே ஒரு கொலையை முழுதாகச் சொல்லிவிடலாம். சட்டத்தரணி உடனே எழும்பி "யார்?" என்று கேட்பார். அவள் என்னைப் பார்ப்பாள். அவளுக்கு யாரென்று தெரியும், சொன்னால் வீட்டுக்குப் போகமுடியாது என்றும் தெரியும். இதை எந்த மொழியில் பெயர்ப்பது?

தம்பி கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த நீதிமன்றங்கள் 1945 ஆனி மாதத்து அரச ஆணையின்கீழ் நடந்தவை. சாட்சியச் சட்டத்தை அதில் நன்றாகத் தளர்த்தியிருந்தார்கள். இங்கிலாந்துக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போய்விட்ட கைதி, அங்கிருந்தபடியே ஒரு சத்தியக்கடதாசி முடித்து அனுப்பினால் போதும், ஏற்றுக்கொண்டார்கள். எதிர்த்தரப்பு அவனைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. எதிரிக்கு அது அநியாயம் என்றே இன்றும் சொல்வேன், நான் பழகிய நீதிமன்றத்தில் அது செல்லாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கதவு அவ்வளவு அகலமாகத் திறந்து கிடந்தும், தோட்டத்துக்குத் திரும்பிய தமிழ்த் தொழிலாளியிடம் மேசையும் தாளும் கொண்டு போனவர்கள் மிகக் குறைவு. தடையாக நின்றது சட்டமில்லை. அவனிடம் போய்க் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு விலக்கும் உண்டு. சிங்கப்பூரில் முதல் வழக்கே, 1946 தை 21இல் தொடங்கிய கொசாவா வழக்கு, பலாவ் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியப் போர்க்கைதிகளைப் பற்றியது. அதில் ஓர் இந்தியச் சிப்பாயின் தலையை வெட்டியதற்காக ஓர் அதிகாரிக்கு மரணதண்டனை கிடைத்தது. அவர்கள் இராணுவம் தம்பி, பெயர்ப்பட்டி இருந்தது.

கல்லடியிலிருந்து:

சின்னதாக ஒன்று. எங்கள் அப்பப்பா 1942 சித்திரை 9ஆம் திகதி கரையில் நின்று கடலில் புகை எழும்பியதைப் பார்த்தவர். ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை யப்பான் விமானங்கள் அன்றுதான் தாட்டன. 307 பேர் இறந்தார்கள். இன்றும் எங்கள் கடலுக்கடியில்தான் கிடக்கிறது, சுழியோடப் போகிற வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். இதற்கும் வழக்கு நடந்திருக்கும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். நடக்கவில்லை. போரில் போர்க்கப்பலைத் தாக்குவது குற்றமில்லை. அன்றைக்குப் பக்கத்திலிருந்த வீற்றா என்ற ஆசுபத்திரிக் கப்பலை அவர்கள் தொடவில்லை, அதுதான் தப்பியவர்களில் பெரும்பாலானவர்களை அள்ளியெடுத்தது. அதே யப்பான் அடுத்த வருடம் சயாமில் செய்ததையும் வாசித்தால் தலை சுற்றுகிறது.

மறுகா, 1951இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜே.ஆர். ஜெயவர்த்தனா எழும்பி, பகையால் பகை தணியாது என்ற புத்தரின் வாக்கைச் சொல்லி, யப்பானிடம் இலங்கை நட்டஈடு கேட்காது என்றாரே. பள்ளிக்கூடத்தில் அதைப் பெருமையாகப் படித்தோம். ஆரையம்பதி அம்மம்மாவிடம் யாராவது கேட்டார்களா?

வெல்லாவெளியிலிருந்து:

நான் சிங்கப்பூர்க் கோப்பு எதையும் பார்க்கவில்லை. முதலியார் ஐயா சொன்னதை வாசித்ததும் எழுதத் தோன்றியது.

தொண்ணூறுகளில் ஒரு விசாரணைக்கு அம்மா சாட்சி சொல்லப் போனார். விடிய மூன்று மணிக்கு எழும்பி, துறையில் தோணி ஏறி, பஸ் பிடித்துப் போனது எனக்கு ஞாபகம். மாமாவின் அடையாள அட்டைப் பிரதியைச் சேலைத் தலைப்பில் முடிந்திருந்தார். பின்னேரம் திரும்பிவந்து, "எல்லாத்தையும் எழுதினாங்க" என்றார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது, அதை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை. என்ன எழுதினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பிரதி தரவில்லை. நாங்கள் கேட்கவுமில்லை, கேட்கலாம் என்பதே தெரியாது. பிறகு மரண அத்தாட்சிப் பத்திரம் ஒன்று வந்தது, அதில் மாமாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அதைத் திருத்த நான்கு தரம் அலைந்தோம்.

அம்மா இப்போது இல்லை. அந்தத் தாள் எந்த அலுமாரியில் இருக்கிறதோ.

ஆரையம்பதியிலிருந்து, மீண்டும்:

தங்கச்சி, அம்மா அன்றைக்கு வீட்டில் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறவரை, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முதலியார் ஐயாவிடம் காட்டினால் ஒழுங்குபடுத்தித் தருவார், தருவீர்கள்தானே ஐயா?

மருமகன் அடுத்த மாதம் திரும்பவும் கியூவுக்குப் போகிறான். தொழிலாளர் பற்றிய கோப்புகளை மட்டும் தனியாகத் தேடச் சொல்லியிருக்கிறேன். தாத்தாவின் கடைசிக் கடிதத்தின் மேல்மூலையில் தோட்டத்தின் பெயர் "சுங்கை" என்று தொடங்குகிறது. மீதியை இராமபாணம் தின்றுவிட்டது. மலாயாவில் எத்தனையோ தோட்டம் சுங்கையில்தான் தொடங்கும் என்கிறார்கள். 1941இல் கிராணியாக இருந்த மட்டக்களப்பார் ஒருவரைப் பற்றி, உங்கள் வீட்டுப் பழைய கடிதங்களில் ஒரு வரி இருந்தாலும் சொல்லுங்கள். இடது காது மடல் கொஞ்சம் கிழிந்திருக்குமாம்.