புதுப்பிப்பு: புதுச்சேரி முன்னோர் வழி பிரெஞ்சுக் குடியுரிமை, இரண்டு திருத்தங்கள்

தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்திருந்தால் பேரப்பிள்ளைகளும் கோரலாம் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி.

பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவிடம் கையளித்த ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாமில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க, ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் விருப்பப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இந்தியர். ஆனால் அன்று சைகோனிலோ பிரான்சிலோ குடியிருந்தவர்களுக்கு அந்தப் பத்திரம் தேவையே இல்லை. குடியுரிமை தானாகத் தொடர்ந்தது. ஆகவே முதலில் தேட வேண்டியது அன்றைய வசிப்பிடச் சான்று.

பத்திரம் கிடைத்தால் பிள்ளைகள் பெயர் இருக்கிறதா பாருங்கள். மணமாகாத, 18 வயதுக்குட்பட்டவர்களை அதில் குறிப்பிட வேண்டும் என்பது ஒப்பந்த விதி.

நான் விட்டுவிட்ட பெரிய தடை, பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 30-3ஆம் பிரிவு. குடும்பம் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே இருந்து, நீங்களும் உங்களுக்குக் குடியுரிமை வழங்கக்கூடிய தாயோ தந்தையோ பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டதற்குச் சான்று இல்லையென்றால், வம்சாவளி வழிக் குடியுரிமையை நிரூபிக்கவே அனுமதியில்லை. புதுச்சேரிக்கு அந்த அரை நூற்றாண்டுக் கெடு 2012 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய பாஸ்போர்ட், தூதரகப் பதிவு அட்டை இருந்தால் பத்திரப்படுத்துங்கள். தாத்தாவுடையது மட்டும் போதாது.

இதனால் தடுக்கப்பட்டவர்களுக்கு 21-14ஆம் பிரிவு உண்டு: பிரான்சுடன் பண்பாட்டு, தொழில், பொருளாதார அல்லது குடும்பத் தொடர்பைக் காட்டி அறிவிப்பு மூலம் கோரலாம்.