புதுப்பிப்பு: வீட்டுக் காய்கறி நூடுல்ஸ் இப்போது குழைவதில்லை

காய்கறி நூடுல்ஸ் வதக்கும்போது வாணலியில் நீர் கோத்துக்கொண்டு எல்லாம் குழைந்துவிடுகிறதே, என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். வந்த யோசனைகளில் பலன் தந்தவற்றை இங்கே பதிகிறேன்.

முதன்மையானது அளவு. உணவகத்து அடுப்பின் தழல் வீட்டில் கிடைக்காது என்பதால், நான்கு பேருக்கானதை ஒரேயடியாகக் கொட்டினால் வாணலியின் சூடு இறங்கி, காய்கள் வதங்காமல் தாம் விட்ட நீரிலேயே வேகத் தொடங்குகின்றன. இப்போது ஒரு தடவைக்கு இருவருக்கு மட்டுமே வதக்குகிறேன். கேரட்டும் பீன்ஸும் முதலில், முட்டைக்கோஸும் குடைமிளகாயும் அடுத்து. உப்பு கடைசியில்தான், ஏனெனில் அது காயிலிருந்து நீரை இழுத்துவிடும்.

நூடுல்ஸைப் பொட்டலத்தில் குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசிறித் தட்டில் பரப்பி ஆறவிட்டால், மாவுப்பசை போய் இழை இழையாக நிற்கிறது. சோயா சாஸை நூடுல்ஸின் மேல் ஊற்றாமல் வாணலியின் சூடான ஓரத்தில் விடச் சொன்ன அன்பருக்குத் தனி நன்றி. சுர்ரென்று பொங்கி எழும் அந்த மணம் அப்படியே கடை மணம். அஜினமோட்டோ இன்றியமையாதது என்ற கருத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. வெள்ளை மிளகுத்தூளும் வெங்காயத்தாளுமே எங்கள் வீட்டுக்குப் போதுமானவையாக இருக்கின்றன.